மான் வேட்டைத் தோட்டாக்களும் எறியியல் அட்டவணையும்

ரைபிளிலிருந்து புறப்பட்ட குண்டு எந்தத் தொலைவில் என்ன வேகத்தில் போகும், எவ்வளவு ஆற்றலை மிச்சம் வைத்திருக்கும், எத்தனை அங்குலம் தாழும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது எறியியல் அட்டவணை. வின்செஸ்டர், ரெமிங்டன், ஃபெடரல் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தோட்டாக்களுக்கு இதை அச்சிட்டுத் தருகின்றன. உரிமம் பெற்று மான் வேட்டையாடும் அந்நாட்டில், எந்தத் தோட்டா சிறந்தது என்ற வாக்குவாதம் நூறாண்டு தாண்டியும் ஓயவில்லை. இரு தரப்பும் முதலில் கையில் எடுப்பது இந்த அட்டவணையைத்தான். காட்டில் மான் விழுவதும் ஓடுவதும் அட்டவணையின் வரிசைப்படி நடப்பதில்லை என்பதே சிக்கல்.

இதற்கு .30-30 வின்செஸ்டர் தோட்டாவைவிட நல்ல சான்று கிடைக்காது. 1895இல் சந்தைக்கு வந்தது. வின்செஸ்டர் 1894 என்னும் நெம்புகோல் ரைபிளோடு சேர்ந்து அமெரிக்கக் கிராமத்து வீடுகளில் நிலையாக இடம்பிடித்தது. இதன் 150 கிரெய்ன் குண்டு, அதாவது 10 கிராமுக்குச் சற்றுக் குறைவானது, குழல்வாயில் நொடிக்கு 2,390 அடி வேகமும் 1,900 அடி-பவுண்டு ஆற்றலும் கொண்டிருக்கும்; 200 கஜத்தில் ஆற்றல் 945ஆகச் சரிந்துவிடும். 1906இல் வந்த .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு அதே எடைக் குண்டை 2,900 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் அனுப்புகிறது. 200 கஜத்தில் அதன் ஆற்றல் 1,800க்கு மேல். மானைக் கொல்லக் குறைந்தது 1,000 அடி-பவுண்டு வேண்டும் என்று வேட்டைக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி .30-30, 200 கஜத்துக்கு முன்பே தேர்வில் தோற்றுவிடுகிறது.

ஆனால் வடகிழக்கு மாநிலங்களின் அடர்காடுகளில் வெண்வால் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும். அந்தத் தொலைவில் நுரையீரலில் குண்டு பட்ட மானை வைத்துக்கொண்டு, சுட்டது எந்தத் தோட்டா என்று கண்டுபிடிப்பது கடினம். .30-30இன் குண்டு அதன் மிதமான வேகத்துக்கென்றே மென்மையான ஈய முனையோடு செய்யப்படுகிறது. பட்டதும் விரிந்து அகன்ற துளையிடும். முனை தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இந்த ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனை என்றால் முன்னிருக்கும் தோட்டாவின் பற்றுமருந்தில் குத்தி வெடிக்கவைத்துவிடலாம். தட்டை முனை காற்றை அதிகமாக எதிர்ப்பதால் அட்டவணையில் எண்கள் விரைவாகச் சரிகின்றன.

ஆற்றல் என்ற பத்தியை அளவுக்கு மீறி நம்புவதற்குச் சூத்திரமும் ஒரு காரணம். நிறையைப் பாதியாக்கி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவதே அது. ஆகவே சிறிய குண்டும் வேகத்தைக் கூட்டினால் பெரிய எண் காட்டும். நவீன வில்லிலிருந்து பாயும் அம்பின் ஆற்றல் 60 முதல் 80 அடி-பவுண்டு வரைதான். அகன்ற கத்திமுனை கொண்ட அந்த அம்பு மானின் மார்பைத் துளைத்து, குருதிக்குழாய்களை அறுத்துக் கொன்றுவிடுகிறது. 1,000 அடி-பவுண்டு விதியை நம்புபவர்களுக்கு இதற்குப் பதில் இல்லை.

மான் விழுவது உடலியங்கியலைப் பொறுத்தது. மூளையிலோ கழுத்துத் தண்டுவடத்திலோ பட்டால் நின்ற இடத்திலேயே சாயும். இதயத்திலோ நுரையீரலிலோ பட்டால் இரத்த அழுத்தம் விழுந்து மூளைக்கு உயிர்வளி நிற்கவேண்டும். அதற்குச் சில நொடிகள் பிடிக்கும். அந்த நொடிகளில் மிரண்ட மான் 100 கஜம் ஓடிவிடும். இதயம் சிதைந்த மான்கூட ஓடுவது அனுபவசாலிகளுக்குப் புதிதல்ல. குடலில் பட்டாலோ, எவ்வளவு பெரிய தோட்டாவானாலும் மான் பல மணி நேரம் துன்பப்படும். வேட்டைக்காரர் கையில் கிடைக்காமலே போகவும் கூடும்.

தென் கரோலைனா மாநில இயற்கை வளத்துறை, வேட்டைக் கழகம் ஒன்றில் சுடப்பட்ட ஏறக்குறைய 500 மான்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தது. அவற்றில் பாதியளவு நின்ற இடத்திலேயே விழுந்தன. ஓடியவை சராசரியாக 60 கஜத்துக்குச் சற்று மேல் ஓடின. .243 முதல் .30 வரையிலான குழல் விட்டங்களிடையே சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குண்டு பட்ட இடம்தான் வேறுபாட்டைக் காட்டியது: தோள்பட்டையில் பட்டவை மிகக் குறைந்த தூரமே சென்றன. விரைவில் விரியும் மென்குண்டுகள், கடினமான குண்டுகளைவிட நன்றாகவே வேலை செய்தன.

குண்டின் அமைப்பைப் பற்றி அட்டவணையில் ஒரு பத்தியும் இல்லை. 1946இல் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு பூசிய ஒரு மூஸ் காளையை .300 எச் அண்ட் எச் மேக்னம் ரைபிளால் சுட்டார். வேகம் மிகுந்த அந்தக் குண்டுகள் உள்ளே போகாமல் மேலேயே சிதறின. அட்டவணையின்படி பார்த்தால் அருகில் சுடும்போதுதான் ஆற்றல் மிகுதி. மெல்லிய உறையுள்ள குண்டு உடைந்துபோவதும் அங்கேதான். நாஸ்லர் ஊர் திரும்பி, நடுவில் தடுப்புச் சுவர் கொண்ட குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி முழுதாக ஊடுருவும். ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது.

வேகமான குண்டா கனத்த குண்டா என்ற வழக்கைத்தான் இரு வேட்டை எழுத்தாளர்கள் வாழ்நாள் முழுதும் வாதிட்டார்கள். ஜாக் ஓ’கானர் 1925இல் பிறந்த .270 வின்செஸ்டரையும் அதன் 130 கிரெய்ன் வேகக் குண்டையும் போற்றினார். எல்மர் கீத் கனத்த, பெரிய குண்டையே நம்பினார். இருவரும் நிறைய வேட்டையாடியவர்கள், இருவருமே நன்றாகக் குறிபார்ப்பவர்கள். அவரவர் தோட்டா அவரவருக்குப் பலித்ததில் வியப்பில்லை.

எண்களுக்கே சில நிபந்தனைகளும் உண்டு. தோட்டா நிறுவனங்கள் வேகத்தைப் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளக்கின்றன. .30-30 ரைபிள்களில் பல 20 அங்குலக் குழல் கொண்டவை. அவற்றில் வேகம் நொடிக்கு நூறடி வரை குறையலாம். குளிரும் மலையுயரமும் கணக்கை மாற்றும். இவ்வளவு இருந்தும் அட்டவணையை ஒதுக்கிவிட முடியாது. 300 கஜத்தில் குண்டு எவ்வளவு தாழும், விரிவதற்கு வேண்டிய வேகம் மிஞ்சுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதுவே நம்பகமான விடை. முழுச் செம்புக் குண்டுகளுக்கு இரண்டாவது கேள்வி முக்கியம். பல செம்புக் குண்டுகள் நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே சரியாக விரிவதில்லை.

சட்டங்களும் எண்களைத்தான் பிடித்துக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு மான் சட்டப்படி, பெரிய மான்களுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்துக்கும் குழல்வாய் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக்கூடாது. ஜெர்மனி 100 மீட்டர் தொலைவிலுள்ள ஆற்றலைக் கேட்கிறது: சிறிய ரோ மானுக்கு 1,000 ஜூல், பெரிய மான்களுக்கு 2,000 ஜூல். விலங்கை எட்டும்போதுள்ள ஆற்றலை அளப்பதால் ஜெர்மன் முறையே பொருத்தமானது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது. காயம்பட்ட விலங்கின் உடலில் தங்கும் ஈயம் அதைத் தின்னும் காண்டர் கழுகுகளைக் கொன்றதே அதற்குக் காரணம். செம்பு ஈயத்தைவிட எடை குறைந்தது. அதே அளவுக் குண்டு இலகுவாகிவிடும். ஸ்காட்லாந்து 2023இல் பெரிய மான்களுக்கான குண்டின் குறைந்தபட்ச எடையை 100 கிரெய்னிலிருந்து 80 கிரெய்னாகக் குறைத்தது இதனால்தான்.