இலைக்கும் பூவுக்கும் நடுவே ஒரு கோடு

தாம்பரம் சானடோரியம் என்ற பெயர் வந்தது 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால். 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அங்கேயே வந்தது. சித்த மருத்துவத்தில் கஞ்சா பழைய சரக்கு. (சரக்குன்னா அங்க மூலப்பொருள், சிரிக்காதீங்க.)

ஆங்கில மருத்துவம் இதைக் கற்றதே இந்தியாவில்தான். கல்கத்தாவில் ஓ'ஷாக்னஸி என்ற டாக்டர் உள்ளூர் வைத்தியர்களைக் கேட்டறிந்து, வாதத்துக்கும் டெட்டனஸுக்கும் கொடுத்துப் பார்த்து 1839-இல் எழுதினார். 1893-94-இல் அரசு போட்ட ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. அளவோடு எடுத்தால் பெரிய தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம் என்றது. அப்புறம் 1961-இல் ஐ.நா. ஒப்பந்தம், 1985-இல் நம்ம போதைப்பொருள் தடுப்புச் சட்டம்.

அந்தச் சட்டம் ஒரே செடியை இரண்டாக்கியது. பூவும் பிசினும் வைத்திருந்தால் குற்றம். பூ இல்லாத தனி இலையும் விதையும் 'கஞ்சா' என்ற சொல்லுக்குள்ளேயே வராது. புற்றுநோய் வலியில் கிடக்கிற அம்மாவுக்காக ஒருவர், "அமெரிக்காவுல தராங்களாமே, இங்க கிடைக்குமா?" என்று கேட்டால், பதில் இந்தக் கோட்டை ஒட்டித்தான்: உரிமம் பெற்றவர் இலையில் செய்த சித்த, ஆயுர்வேத மருந்து, டாக்டர் சீட்டோடு. ஏற்கெனவே எடுக்கும் வலி மருந்தை நிறுத்தாமல், அந்த டாக்டரிடமும் சொல்லிவிட்டு. தெருவில் வாங்கும் பொட்டலம் இதில் சேராது.

அப்படிப்பட்ட மருந்தின் லேபிளில் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். விதி கேட்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும். சித்த மருந்தானாலும் அப்படித்தான்.