ஒரு பாட்டின் விலை என்ன?

கடந்த வாரம் வகுப்பில் பேச்சோடு பேச்சாகக் கசட் கதை வந்தது. பின் வரிசையில் இருந்த ஒரு மாணவன் கேட்டான்: "சேர், பாட்டுக்குமா காசு குடுத்தீங்க?" வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி மனதைக் குடையத் தொடங்கியது. பாட்டுக்குக் காசு கொடுத்தது உண்மை. அந்தக் காசு யாருக்குப் போனது?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம் உறவுகளே.

1902இல் கிராமபோன் கம்பெனியின் ஆட்கள் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிந்தார்கள். பதிந்தது இங்கே, தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அந்தக் காலத்து இசைத்தட்டுக்கு முக்கியமான மூலப்பொருள் அரக்கு. அரக்கு போனதும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான்! அரக்கும் குரலும் கப்பலேறிப் போய், தட்டாகத் திரும்பி வந்து இந்தியக் கடையில் விலைக்கு நின்றன. கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது 1908இல்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் விலை எப்படி வைத்தார்கள் தெரியுமா? பாடியவரின் அந்தஸ்தைப் பார்த்து. தமாஞ்ஞோ என்ற இத்தாலியப் பாடகரின் தட்டு ஒரு பவுண். அடுத்த வருடம், 1904இல், மெல்பா என்ற பாடகியின் தட்டு ஒரு பவுணும் ஒரு ஷில்லிங்கும். அந்த ஒரு ஷில்லிங் தட்டுக்கு அல்ல, மரியாதைக்கு! மெல்பாவுக்கென்று இளம் ஊதா நிறத்தில் தனி லேபல் வேறு. காசு குறைந்தவர்களுக்கு அதே கம்பெனி 'சோனோஃபோன்' என்ற பெயரில் மலிவுத் தட்டு விற்றது. அமெரிக்காவில் 1908இல் ஆறு பேர் சேர்ந்து பாடிய ஒரு ஒபெரா பாட்டு, ஒரு பக்கம் மட்டுமே உள்ள தட்டு, 7 டொலருக்குப் போனது. ஆறு குரல், ஏழு டொலர். அதுதான் கணக்கு.

இனி நம் பக்கம் வருவோம். 1963இல் பிலிப்ஸ் கம்பெனி கசட்டைக் கொண்டு வந்தது. 1977க்குப் பிறகு இங்கே பொருளாதாரம் திறந்தது, சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் டேப் ரெக்கோடரோடு திரும்பினார்கள். அந்தப் பெட்டி வந்த வீட்டில் அன்று மாலை அரை ஊர் கூடும். கூடவே ஊருக்கு ஊர் ரெக்கோடிங் பார் முளைத்தது. பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்: ஒரு துண்டுக் கடதாசியில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுப்போம், கடைக்காரர் இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார், நாங்கள் மறுநாளே போய் நிற்போம்.

அங்கே விலை எதை வைத்து? அறுபது நிமிடக் கசட்டா, தொண்ணூறு நிமிடக் கசட்டா, அவ்வளவுதான். நாகூர் ஹனிபா என்றாலும் ஒரே விலை, நேற்று வந்த பாடகர் என்றாலும் அதே விலை. லண்டனில் மெல்பாவுக்கு ஒரு ஷில்லிங் கூட்டி வைத்த உலகம், நம் கடைத்தெருவில் நாடாவின் நீளத்தை அளந்து பாட்டு விற்றது. நோன்பு காலத்தில் ஸஹர் நேரத்தில் நம் வீடுகளில் ஒலித்த ஹனிபாவின் பாட்டுகளில் எத்தனையோ இப்படிப் பதிந்தவை. அந்தக் கடைக் கசட்டுகளிலிருந்து அவருக்கு ஒரு சதமும் போகவில்லை.

இந்தியாவிலும் இதே காலத்தில் பெரிய கூத்து. அங்கே நெடுங்காலம் எச்.எம்.வி. வைத்ததே விலை. டெல்லியில் பழச்சாறு விற்ற குடும்பத்துப் பிள்ளை குல்ஷன் குமார், டி-சீரிஸ் என்ற பெயரில் கசட்டை மலிவாக இறக்கினார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு வழி இருந்தது: ஏற்கெனவே வெளிவந்த பாட்டை, குறித்த காலம் கழிந்த பின், உரிய தொகையைக் கட்டிவிட்டு வேறு குரலில் பதியலாம். அதை வைத்துப் புதுப் பாடகர்களைக் கொண்டு பழைய பாட்டுகளைப் பாட வைத்தார். வெற்றிலைக் கடையிலும் மளிகைக் கடையிலும் கூடக் கசட் தொங்கியது. கடைசியில் பெரிய கம்பெனியும் விலையை இறக்க வேண்டி வந்தது. அவர் செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஏழையின் சட்டைப்பையைப் பார்த்து விலை வைத்தால் அசல் கசட்டும் விற்கும் என்பதை அவர் காட்டினார்.

இணையம் வந்த பிறகும் இந்தச் சந்தைக் கணக்கு மாறவில்லை. 2003இல் ஆப்பிள் ஒரு பாட்டை 99 சதத்துக்கு அமெரிக்காவில் விற்றது. பிரித்தானியாவில் 79 பென்ஸ், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் 99 யூரோ சதம். கணக்குப் போட்டால் பிரித்தானியர் கூடுதலாகக் கொடுத்தார்கள். அடுத்த நாட்டுக் கடையில் வாங்கவும் வழியில்லை. ஐரோப்பிய ஆணைக்குழு தலையிட்ட பிறகு, 2008இல் விலையைச் சமமாக்க ஆப்பிள் சம்மதித்தது. ஸ்பொட்டிஃபை 2019இல் இந்தியாவுக்குள் வந்தபோது மாதத்துக்கு 119 ரூபாய். அமெரிக்காவில் 9.99 டொலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 700 இந்திய ரூபாய். இலங்கைக்கு அது வந்தது 2021இல். விளம்பரத்தைச் சகித்துக்கொண்டால் இலவசம். அதனால்தான் அந்த மாணவன் சிரித்தான்.

ஆனால் நாம் அவனைவிடப் பெரிய யோக்கியர்கள் இல்லை. அமானிதத்தைப் பற்றி வகுப்பில் பாடம் எடுத்துவிட்டு வந்து, இரட்டை டெக்கில் கூட்டாளிமாருக்குக் கசட் பதிந்து கொடுத்தவர்கள்தானே நாம். அப்போது அது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அசல் கசட்டை வாங்க வாப்பாவிடம் காசும் இருக்கவில்லை என்பது வேறு கதை.

நேற்று அலுமாரியைக் கிளறியபோது ஒரு கசட் கிடைத்தது. நாடா ஒட்டிப் போயிருக்கிறது. அட்டையில் நீல மையில் நம் கையெழுத்து: பாடகர் பெயர் இருக்கிறது, பாட்டுகளின் பெயர் வரிசையாக இருக்கிறது. பாட்டை எழுதியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

உங்கள் ஊர் ரெக்கோடிங் பாரில் அறுபது நிமிடக் கசட் பதிய என்ன விலை எடுத்தார்கள்? எந்த வருடம்? நினைவிருப்பவர்கள் கீழே எழுதுங்கள், மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.