குடலண்டமும் குடல் உள்நோக்கியும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கிணறு வெட்டுதல், பனையேறுதல், மூட்டை சுமத்தல் முதலிய கடும் உழைப்புகள் இங்கு நெடுங்காலம் நிலைத்தவை. இத்தகைய உழைப்பாளரிடையே அறியப்பட்ட நோய்களுள் ஒன்று குடலிறக்கம். தொடையிடுக்கின் நலிந்த தசைச்சுவர் வழியே குடல் பிதுங்கி விரைப்பைக்குள் இறங்குவதைச் சித்த மருத்துவ மரபு குடலண்டம் என்றும், விரையில் நீர் கோப்பதை நீரண்டம் என்றும் பிரித்தது. பேச்சு வழக்கிலோ இரண்டும் ‘ஓதம்’, ‘விரைவீக்கம்’ என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்துவிடுவதுண்டு. இம்மயக்கம் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் எங்ஙனம் இடராகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வீக்கத்தினுள் இருப்பது நீரா குடலா என்னும் வினா பழமையானது. சுசுருத சம்ஹிதை விருத்தி நோய்களை ஏழாக வகுத்து, நீரால் வருவதையும் குடலால் வருவதையும் தனித்தனியே வைக்கிறது. குடலால் வருவதற்கு அது கூறும் காரணங்களுள் சுமை தூக்குதலும் மரத்திலிருந்து விழுதலும் அடங்கும். பனைமரக் காட்டு வாழ்வை அறிந்தோர்க்கு இவ்விரண்டும் ஏட்டுச் செய்திகள் அல்ல.

நவீன அறுவை மருத்துவம் தமிழில் எழுதப்பட்டதில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கு முதன்மைப் பங்குண்டு. அதன் கிளையாகவே 1834இல் மதுரை மிஷன் தொடங்கியது. திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலை அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1867இல் ‘இரணவைத்தியம்’ என்னும் அறுவை மருத்துவ நூலைத் தமிழில் வெளியிட்டார். நோய்க்குத் தமிழ்ப்பெயர் காண்பது மருத்துவத்தின் ஒரு பகுதி என்று கருதியவர் அவர்.

பெருங்குடல் உள்நோக்கி இதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. 1969இல் நியூயார்க்கில் வுல்ஃபும் ஷின்யாவும் அதன்வழி குடல் தசைமுளைகளை அகற்றத் தொடங்கினர். குடலிறக்கம் உள்ளவரிடம் இக்கருவி சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது 1990, 1991ஆம் ஆண்டுகளின் ஆய்விதழ்களில் பதிவானது. பெரும்பாலும் இடப்பக்கக் குடலிறக்கத்திலேயே இது நிகழ்கிறது; சிக்மாய்டு எனப்படும் நெகிழ்ந்த குடற்பகுதி அங்கேதான் பைக்குள் இறங்குகிறது. உள்ளே செல்லும்போது கருவி தடையின்றிச் செல்வதுபோல் தோன்றலாம். பைக்குள் அது வளையமாகச் சுருண்ட பின், வெளியே இழுக்கையில் குறுகிய கழுத்தில் மடங்கி இறுகுகிறது. வலிந்து இழுத்தால் குடல் கிழியும். கோல்டனும் காலரும் 1991இல் கூறிய தீர்வு கப்பி முறை எனப்பட்டது: பைக்கு மேலிருந்து வளையத்தைக் கையால் பிடித்து, அது குறுகி மடங்காதபடி காத்து, ஒரு புறமாகவே மெல்ல உருவி எடுப்பது. கப்பியில் நீர் இறைத்த ஊராருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குடலிறக்கம் இருப்பதனாலேயே பரிசோதனையைக் கைவிட வேண்டியதில்லை. முன்னதாகவே அறிந்தால், இறங்கிய குடலை உள்ளே தள்ளி, பரிசோதனை முடியும்வரை தொடையிடுக்கைக் கையால் அழுத்திப் பிடிக்கலாம். உள்ளே தள்ள இயலாத நிலையில் முதலில் அறுவை செய்வது பற்றியோ வேறு பரிசோதனை பற்றியோ எண்ணலாம். ஆகவே எல்லாம் முன்கூட்டி அறிவதைப் பொறுத்தது.

இங்குதான் சொல் குறுக்கிடுகிறது. “குடலிறக்கம் உண்டா?” என்ற வினாவுக்கு, இருபது ஆண்டுகளாகத் தன் வீக்கத்தை ஓதம் என்றே அறிந்த முதியவர் “இல்லை” என்பார், அவர் பொய் சொல்லவில்லை. பெண் மருத்துவரிடமும் இளம் செவிலியரிடமும் அச்சொல்லையும் கூச்சத்தால் சொல்லாமல் விடுவார். 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியை அடுத்து, 2022இல் விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆயினும் படிவத்தில் ‘ஓதம், விரைவீக்கம், குடல் இறங்குதல்’ என மூன்று சொற்களையும் சேர்த்துக் கேட்பதும், நோயாளியை நிற்கவைத்து இருமச் சொல்லித் தொடையிடுக்கைத் தொட்டுப் பார்ப்பதும் எந்தக் கருவியையும் வேண்டாதவை.