கெட்டில் வேலி ரயில்தடம்

கெட்டில் வேலி ரயில்தடம் என்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்பகுதியில், கைவிடப்பட்ட ஒரு மலை ரயில்பாதையின் மேல் அமைந்த மிதிவண்டிப் பாதை ஆகும். நடப்போரும் இதைப் பயன்படுத்துகின்றனர். கிழக்கே மிட்வே என்னும் சிற்றூரில் தொடங்கி, ஒகனாகன் ஏரிக்கரை நகரமான பென்டிக்டன், பிரின்ஸ்டன், புரூக்மியர் வழியாக மேற்கே ஹோப் வரை சென்ற பழைய முதன்மைப் பாதையின் நீளம் ஏறக்குறைய 480 கி.மீ. இதில் பெரும்பகுதி இப்போது கனடாவைக் குறுக்காகக் கடக்கும் டிரான்ஸ் கனடா தடத்தின் அங்கமாக உள்ளது. கெலோனா நகருக்கு மேலே உள்ள மைரா பள்ளத்தாக்கின் 18 பாலங்களும், ஹோப் அருகே உள்ள ஒத்தெல்லோ சுரங்கங்களும் இத்தடத்தின் புகழ்பெற்ற பகுதிகள்.

இது ஏறியிறங்கும் மலைகளின் உயரத்தைப் பார்த்தால், சாதாரண மிதிவண்டிக்காரர்களால் கடக்க முடியாத பாதை என்றே தோன்றும். ஆனால் ரயிலுக்காக அமைக்கப்பட்ட மென்மையான சரிவு அதை எளிதாக்கிவிடுகிறது. எனவே இத்தடத்தைப் புரிந்துகொள்ள ரயில்பாதை அமைந்த வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

பின்னணி

ரயில்பாதை கடந்த நிலம் சில்க்ஸ் எனப்படும் ஒகனாகன் மக்கள், நிலாகபமுக் மக்கள் முதலிய பழங்குடிகளின் தாயகம்.

1890களில் மாகாணத்தின் தென்கிழக்கிலுள்ள கூட்டினே பகுதியில் தங்கம், வெள்ளி, செம்புக் கனிமங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மலைத்தொடர்கள் வடக்கு தெற்காக நீண்டு கிடந்ததால், பள்ளத்தாக்குகளின் போக்கில் தெற்கே அமெரிக்காவுக்குப் போவது எளிதாகவும், மேற்கே வான்கூவர் துறைமுகத்துக்குப் போவது கடினமாகவும் இருந்தது. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் எல்லையைத் தாண்டிக் கிளைப்பாதைகளை நீட்டிக் கனிமங்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. அவற்றில் முதன்மையானது ஜேம்ஸ் ஜே. ஹில்லின் கிரேட் நார்தர்ன் நிறுவனம். கனடாவில் பிறந்தவரான ஹில், தொடக்கத்தில் கனேடியன் பசிபிக் ரயில் நிறுவனத்திலும் பங்கு வகித்தவர். பின்னர் அதன் பரம எதிரியானார்.

கடற்கரையைக் கூட்டினேயுடன் இணைக்கும் ரயில்பாதை வேண்டும் என்ற கோரிக்கை மாகாண அரசியலில் நெடுநாள் ஒலித்தது. கிழக்கிலிருந்து வந்த கனேடியன் பசிபிக்கின் தென்பாதை 1900 வாக்கில் மிட்வேயை எட்டி அங்கேயே நின்றது. அதற்கு மேற்கே அடுத்தடுத்து மூன்று மலைத்தடைகள் இருந்தன. ஹில்லின் துணை நிறுவனம் எல்லையோரமாக மேற்கு நோக்கி முன்னேறத் தொடங்கியதுதான் கனேடியன் பசிபிக்கை அசைத்தது. 1910இல் தன் கட்டுப்பாட்டிலிருந்த கெட்டில் வேலி ரயில்வே நிறுவனத்தின் பெயரில் அது கட்டுமானத்தில் இறங்கியது. இந்தப் போட்டியே இப்பாதை உருவாகத் தூண்டுகோலானது.

ஆண்ட்ரூ மெக்குல்லக்

திட்டத்தின் தலைமைப் பொறியாளர் ஆண்ட்ரூ மெக்குல்லக் (1864–1945). ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்து, மேற்கே வந்து பல ரயில்பாதைப் பணிகளில் அனுபவம் பெற்றவர். இலக்கிய ஈடுபாடு மிக்கவர். சிறப்பாக ஷேக்ஸ்பியரில் தோய்ந்தவர். கோக்கிஹல்லா பள்ளத்தாக்கு நிலையங்களுக்கு ஒத்தெல்லோ, லியர், ஜெசிகா, போர்ஷியா, இயாகோ, ரோமியோ, ஜூலியட் என்று பெயரிடப்பட்டது அவரால்தான். இவற்றுள் பல பெயர்கள் இன்றைய நெடுஞ்சாலைப் பலகைகளிலும் காணப்படுகின்றன.

வழக்கமான மலைப்பாதை அமைப்பில் பொறியாளர்கள் ஆற்றின் போக்கைப் பிடித்துக்கொண்டு மேலேறுவர். இங்கே ஆறுகள் வடக்கும் தெற்கும் ஓட, பாதையோ கிழக்கு மேற்காகப் போக வேண்டியிருந்தது. மெக்குல்லக் மலைச்சரிவுகளையே நீளமாக வளைத்துப் பாதையை உயர்த்தினார். சரிவு 2.2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட எல்லை. அதாவது 100 மீட்டர் தூரம் போனால் அதிகபட்சம் 2.2 மீட்டர் ஏற்றம். வழுவழுப்பான தண்டவாளத்தின் மேல் உருளும் இரும்புச் சக்கரம் செங்குத்தான ஏற்றத்தில் பிடிமானம் இழந்து சுழலும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் கடினம். எனவே உயரத்தைத் தூரத்தால் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

பென்டிக்டனுக்கு மேலே இதைத் தெளிவாகக் காணலாம். ஒகனாகன் ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 340 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிழக்கே பாதை தொட வேண்டிய மேட்டுநிலமோ 1,200 மீட்டருக்கு மேல். மெக்குல்லக் ஏரிக்கு மேலுள்ள சரிவில் பாதையை வடக்கே கொண்டுபோய், திருப்பித் தெற்கே இழுத்து, மீண்டும் வடக்கே திருப்பினார். இந்த வளைவுகளில் ஒன்றை மலையின் வயிற்றுக்குள்ளேயே அமைத்தார். சுமார் 490 மீட்டர் நீளமுள்ள அந்த ஆட்ரா சுரங்கத்தில் நுழையும் ரயில் உள்ளேயே திரும்பி, ஏறக்குறைய எதிர்த்திசையில் வெளிவந்தது. பிரின்ஸ்டனுக்கு அருகே மேட்டிலிருந்து நகருக்கு இறங்குமிடத்தில் இதே உத்தி திறந்தவெளிக் கொண்டை வளைவுகளாக அமைந்தது.

கட்டுமானம்

பணி 1910இல் மிட்வே, புரூக்மியருக்கு வடக்கே உள்ள மெரிட் ஆகிய இரு முனைகளிலும் தொடங்கியது. கடப்பாரை, மண்வாரி, குதிரை வண்டி, வெடிமருந்து ஆகியவையே பெரும்பாலும் கருவிகள். தொழிலாளர்களில் இத்தாலியர், ஸ்காண்டிநேவியர் முதலிய ஐரோப்பியக் குடியேறிகள் பெருந்தொகையினர். பென்டிக்டனுக்கு வடக்கே சூட் ஏரிக்கும் நராமாட்டா என்னும் ஊருக்கும் இடைப்பட்ட காட்டில், சுண்ணாம்புச் சாந்து இன்றிக் கல்மேல் கல் அடுக்கிய குவிமாட வடிவ அடுப்புகள் இன்றும் உள்ளன. முகாம்களுக்கு ரொட்டி சுட்ட அடுப்புகள் இவை. பாறை அடுப்புகள் பூங்கா என்ற பெயரில் பாதுகாக்கப்படுகின்றன.

மைரா பள்ளத்தாக்கு மிக நுட்பமான வேலையைக் கேட்டது. கெலோனாவுக்குத் தென்கிழக்கே சுமார் 1,260 மீட்டர் உயரத்தில் மலை குதிரைலாட வடிவில் பிளந்து கிடக்கிறது. ஒரு விளிம்பில் நின்றால் எதிர் விளிம்பு கண்ணுக்கெதிரே தெரியும். ஆனால் ஒரே பாலத்தால் தாண்ட இயலாத ஆழம். பாதை பள்ளத்தாக்கின் உள்சுவரைச் சுற்றிக்கொண்டு போனது. குறுக்கிடும் ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு பாலம், துருத்தி நின்ற பாறைகளுக்கு இரண்டு சுரங்கங்கள் என 12 கி.மீ. தூரத்தில் அமைந்தன.

1915 மே 31 அன்று மிட்வேக்கும் மெரிட்டுக்கும் இடையே பயணிகள் ரயில் தொடங்கியது. கோக்கிஹல்லா கணவாய் வழியாக ஹோப் செல்லும் கடைசிப் பகுதி 1916 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது. அப்பகுதியில் ஒரு மைல் பாதைக்கு மட்டும் 3 லட்சம் டாலர் செலவானது. ஹோப்புக்குச் சற்று முன்பு கோக்கிஹல்லா ஆறு செங்குத்துப் பாறைகளுக்கிடையே சுழித்து ஓடுகிறது. மெக்குல்லக்கும் உதவியாளர்களும் கயிற்றில் கட்டிய பிரம்புக் கூடைகளில் இறங்கி அங்கே அளவெடுத்தனர். ஆற்றின் வளைவுகளைப் பொருட்படுத்தாமல் பாறைகளை நேர்க்கோட்டில் துளைத்தார் மெக்குல்லக். ஒரு முனையில் நின்று பார்த்தால் இந்த ஒத்தெல்லோ சுரங்கங்கள் அனைத்தும் ஒரே வரிசையில் தெரியும்.

பாலங்களின் வகைகள்

இத்தடத்தின் பாலங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

மரத்தூண் பாலங்கள்: செங்குத்தான மரச்சட்டங்களைச் சீரான இடைவெளியில் நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் பிணைத்து, மேலே விட்டங்களும் ஸ்லீப்பர் கட்டைகளும் அமைத்துக் கட்டப்பட்டவை. மரம் பக்கத்துக் காட்டிலேயே கிடைத்தது. எஃகை வெகுதொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். வளைவான பாதைக்கேற்ப ஒவ்வொரு சட்டத்தையும் சற்றே திருப்பி நிறுத்த முடிந்தது இதன் தனிச்சிறப்பு. நெருப்பும் உளுத்துப்போதலும் இதன் எதிரிகள். மைராவின் 18 பாலங்களில் 16 இவ்வகையின.

எஃகுத் தூண் பாலங்கள்: மரப்பாலங்களில் மிக உயரமானவற்றுக்குப் பின்னாளில் மாற்றாக வந்தவை. மைராவில் இரண்டு உண்டு. அவற்றில் பெரியது மேற்குக் கிளை ஓடைப் பாலம்; நீளம் 220 மீட்டர், உயரம் 55 மீட்டர்.

எஃகுச் சட்டப் பாலங்கள்: பெரிய நதிகளையும் ஆழ்ந்த மடுக்களையும் நடுவே தூணின்றித் தாண்டுபவை. பென்டிக்டனை அடுத்த சம்மர்லாண்ட் அருகே 1913இல் அமைந்த ட்ரவுட் கிரீக் பாலம் ஓடையிலிருந்து 73 மீட்டர் உயரத்தில் நிற்கிறது.

இயக்கமும் சரிவும்

எதிர்பார்த்த கனிமப் போக்குவரத்து முழு அளவில் வந்து சேரவில்லை. ஒகனாகன் ஆப்பிள், மரம், நிலக்கரி, உலோகச் சரக்குகள் ஆகியவற்றால் பாதை பிழைத்தது. 1931இல் அது கனேடியன் பசிபிக்கின் ஒரு கோட்டமாக இணைக்கப்பட்டது. கோக்கிஹல்லாவில் பனிச்சரிவும் நிலச்சரிவும் குளிர்காலம்தோறும் போக்குவரத்தை நிறுத்தின. 1949இல் ஹோப்–பிரின்ஸ்டன் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின் பயணிகள் குறைந்தனர். 1959 நவம்பரில் பெய்த மழையில் கோக்கிஹல்லா பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. அது மீண்டும் திறக்கப்படவேயில்லை. 1964 ஜனவரியில் கடைசிப் பயணிகள் ரயில் ஓடியது. மிட்வேக்கும் பென்டிக்டனுக்கும் இடையே 1973இல் போக்குவரத்து முடிந்து, சில ஆண்டுகளில் தண்டவாளமும் அகற்றப்பட்டது. பென்டிக்டனுக்கு மேற்கே 1989இல் கடைசிச் சரக்கு ரயில் சென்றது. சம்மர்லாண்ட் அருகே மட்டும் சுமார் 16 கி.மீ. தண்டவாளம் எஞ்சியது. 1912இல் கட்டப்பட்ட 3716ஆம் எண் நீராவி என்ஜின் அதில் சுற்றுலா ரயிலை இழுக்கிறது.

மிதிவண்டித் தடமாதல்

தண்டவாளம் போன பின்னும் பாதையின் அடித்தளம் கெடவில்லை. சரிவு அப்படியே இருந்தது, பாலங்கள் நின்றன. ஆனால் மைரா பாலங்களில் கைப்பிடி இல்லை. ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே கீழே பாதாளம் தெரிந்தது. அவற்றின் மேல் மக்கள் துணிந்து நடந்து விபத்துக்குள்ளாயினர். 1992இல் அமைந்த மைரா பள்ளத்தாக்குப் பாலச் சீரமைப்புச் சங்கத்தின் தன்னார்வலர்கள் பலகைத் தளமும் கைப்பிடிகளும் அமைத்தனர். 2001இல் அப்பகுதி மாகாணப் பூங்காவாகவும், 2003 ஜனவரியில் தேசிய வரலாற்றுத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஒகனாகன் மலைப் பூங்காவில் மின்னல் தாக்கிப் பற்றிய காட்டுத்தீ கெலோனாவில் 200க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. பின்னர் மைராவுக்குள் நுழைந்து 12 மரப்பாலங்களைச் சாம்பலாக்கியது. இரண்டு எஃகுப் பாலங்களின் மரத்தளங்களும் எரிந்தன. மத்திய, மாகாண அரசுகளின் நிதியில் பாலங்கள் பழைய வடிவிலேயே மரத்தால் மீண்டும் கட்டப்பட்டு 2008 ஜூனில் திறக்கப்பட்டன.

பயணம்

மைரா பகுதி ஏறக்குறைய சமதளம். நன்கு இறுகிய சரளைப் பாதை என்பதால் சிறுவர்களும் முதியோரும் கியர் மாற்றும் தேவையின்றிச் செல்கின்றனர். போகவர 24 கி.மீ. தூரத்தை அரைநாளில் முடிக்கலாம். வாடகை மிதிவண்டி பள்ளத்தாக்கின் கிழக்கு முனையில் கிடைக்கும். சுரங்கங்கள் குறுகியவையே ஆனாலும் விளக்கு வைத்திருப்பது நல்லது.

மைராவிலிருந்து சூட் ஏரி வழியாகப் பென்டிக்டன் செல்லும் பகுதியின் தன்மை வேறு. சூட் ஏரி வரை பாதை பெரும்பாலும் மட்டமாகச் சென்று, பிறகு இடைவிடாமல் இறங்குகிறது. 2.2 விழுக்காட்டு இறக்கத்தில் பெடலை மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் மணல் படிந்த இடங்களில் முன்சக்கரம் புதைந்து வழுக்கும். அகன்ற டயர் கொண்ட வண்டியே இங்கு ஏற்றது. நான்கு சக்கர மோட்டார் வண்டிகள் மேற்பரப்பை அலையலையாக உழுதுவிடுவதே இதற்குப் பெருங்காரணம். நராமாட்டாவுக்கு மேலுள்ள சிறு சுரங்கத்தைத் தாண்டியதும் ஒகனாகன் ஏரியும் கரையோரத் திராட்சைத் தோட்டங்களும் கீழே விரிகின்றன. ஏரிக்கரையின் வறண்ட சரிவுகளில் விரியன் இனப் பாம்பும், மேட்டுக் காட்டில் கரடியும் உண்டு. தண்ணீர் கிடைக்கும் இடங்கள் குறைவு. பனி உருகிய மே மாதம் முதல் அக்டோபர் வரை பயணத்துக்கு உகந்த காலம்.

பென்டிக்டனுக்கு மேற்கே பாதை ஆஸ்பிரே ஏரி மேட்டைத் தாண்டிப் பிரின்ஸ்டன் இறங்கி, துலமீன் ஆற்றை ஒட்டிச் செல்கிறது. புரூக்மியரில் ரயில் காலத்து நீர்த்தொட்டி உள்ளது. அதற்கப்பால் 1986இல் திறக்கப்பட்ட கோக்கிஹல்லா நெடுஞ்சாலையும் எண்ணெய், எரிவாயுக் குழாய்களும் பழைய தடத்தின் பல பகுதிகளை விழுங்கிவிட்டன. ஒத்தெல்லோ சுரங்கங்கள் 1982இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தின் படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்று.

இன்றைய நிலை

2021 நவம்பர் பெருமழையில் ஹோப், பிரின்ஸ்டன் பகுதிகளில் தடம் கடும் சேதமடைந்தது. ஒத்தெல்லோ சுரங்கங்களும் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டன. மைரா பகுதி வழக்கம்போல் இயங்குகிறது.