மூலையை மூலையில் வை

சதுரத் தாள் ஒன்றை எடுத்து ஒரு மூலையை எதிர்மூலையின் மேல் பொருத்தி, நகத்தால் நீவிவிட்டுப் பிரித்தால் தாளில் ஒரு கோடு விழுந்திருக்கும். பென்சிலும் அளவுகோலும் இல்லாமலே அது மற்ற இரண்டு மூலைகளையும் பிசகாமல் தொட்டு நிற்கும். ‘மூலையை மூலையில் வை’ என்ற மூன்று சொல்லுக்குள் அந்தக் கோட்டின் முழுச் சாதகமும் இருக்கிறது. படமே வேண்டாத இந்த மாதிரி வாக்கியத்துக்கு நீண்ட பயண வரலாறு உண்டு. அதன் முக்கியமான நிறுத்தங்களில் ஒன்று சென்னை.

1893ல் சென்னை அடிசன் கம்பெனி அச்சிட்ட, காகித மடிப்பின் வழியே வடிவியல் பயிற்சிகளைச் சொல்லித்தரும் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. எழுதியவர் தண்டலம் சுந்தர ராவ். ஜெர்மனியில் பிரீட்ரிக் ஃப்ரோபெல் தொடங்கிய மழலையர் கல்வி முறையில், குழந்தைகளின் கைக்குத் தரும் விளையாட்டுப் பொருள்களுக்குப் ‘பரிசு’ என்று பெயர். அவற்றில் எட்டாம் எண்ணிட்டு விற்ற பெட்டியில் 200 வண்ணச் சதுரத் தாள்களும், மடிப்பை அழுத்த ஒரு கருவியும், படங்களும் குறிப்புகளும் இருந்தன. அந்தப் பெட்டிதான் தன் நூலுக்கு வித்து என்று சுந்தர ராவே முன்னுரையில் எழுதியிருக்கிறார். குழந்தைகள் படகும் பறவையும் செய்த தாளில் அவர் ஐங்கோணத்தையும் அறுகோணத்தையும் கூம்பு வெட்டுக் கோடுகளையும் மடித்தார். அவர் கேட்ட கருவிகள் ஒரு பேனாக்கத்தியும், சம நீளங்களைக் குறித்துக்கொள்ளச் சில காகிதத் துண்டுகளும் மட்டுமே.

நூலில் படங்கள் உண்டு. ஆனாலும் வேலையைச் செய்வது வாக்கியம்தான். ஒழுங்கற்ற ஒரு துண்டுத் தாளிலிருந்து தொடங்கி, மடித்து ஒரு நேர்க்கோடு எடுத்து, அந்தக் கோட்டையே அதன்மேல் படியவைத்துச் செங்கோணம் எடுத்து, சதுரத்துக்கு வருகிறார். எந்தப் புள்ளி எந்தப் புள்ளியின் மேல், எந்த விளிம்பு எந்தக் கோட்டின் மேல் என்று ஒவ்வோர் அடியிலும் சொல்லிவிடுகிறார். ‘கொஞ்சம் மடி’, ‘ஏறக்குறைய நடுவில்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பொருந்த வேண்டியது பொருந்தாவிட்டால் மடிப்பவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். வாக்கியம் சரியா தப்பா என்று தாள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. சுந்தர ராவின் நடையில் நான் பெரிதும் மதிப்பது இதைத்தான்.

அந்தச் சிறுநூல் எப்படியோ ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன், 1895ல் வெளியான தன் விரிவுரை நூலில் சென்னைக்காரர் ஒருவர் மடிப்பு வடிவியலை நன்றாக வளர்த்திருப்பதாகக் குறிப்பிட்டார். அந்த ஒரு குறிப்பைப் பார்த்துத்தான் அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் மூல நூலைத் தேடினார்கள். பல தாமதங்களால் சலித்துப்போன பிறகே பிரதி கைக்கு வந்தது என்று முன்னுரையில் சொல்கிறார்கள். 1901ல் சிகாகோவின் ஓப்பன் கோர்ட் பதிப்பகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டது. பழைய கோட்டுப் படங்கள் பலவற்றை எடுத்துவிட்டு, மடித்த தாள்களையே புகைப்படம் எடுத்துச் சேர்த்தார்கள். சுந்தர ராவின் பெயர் உலகம் முழுக்க நின்றது இந்தப் பதிப்பால்தான்.

இதே வகை வாக்கியத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை 1936ல் இத்தாலியக் கணிதப் பேராசிரியை மார்கெரிட்டா பெலோக் காட்டினார். இரண்டு புள்ளிகளையும் இரண்டு கோடுகளையும் எடுத்துக்கொண்டு, முதல் புள்ளி முதல் கோட்டிலும் இரண்டாம் புள்ளி இரண்டாம் கோட்டிலும் ஒரே நேரத்தில் விழும்படி ஒரே ஒரு மடிப்பு மடிக்க வேண்டும். அவ்வளவுதான் ஏவல். அளவுகோலாலும் கவராயத்தாலும் எட்ட முடியாத கனமூலம் அந்த மடிப்பில் கிடைத்துவிடுகிறது. அவர் பாடம் நடத்திய ஃபெராரா நகரில்தான் 1989ல் ஓரிகாமி எனும் காகித மடிப்புக் கலையின் அறிவியலுக்கான முதல் பன்னாட்டுக் கூட்டமும் நடந்தது. இத்தாலியில் வாழ்ந்த ஜப்பானியர் ஹுமியாகி ஹுசிட்டா தொகுத்த ஆறு அடிப்படை மடிப்புகளும், 2001ல் கோஷிரோ ஹட்டோரி கவனப்படுத்திய ஏழாவதும் சேர்ந்து ஒரு பட்டியல் ஆயின. ஏழும் ஒரே வார்ப்பு: இந்தப் புள்ளியை இங்கே, இந்தக் கோட்டை அங்கே.

ஜப்பானியர் கசுவோ ஹாகா கண்ட ஒரு மடிப்பைச் சொல்கிறேன். கையில் சதுரத் தாள் இருந்தால் செய்து பாருங்கள். கீழ் வலது மூலையை எடுத்து மேல் விளிம்பின் நடுப்புள்ளியில் வையுங்கள். அப்போது கீழ் விளிம்பு சாய்ந்து எழுந்து இடது விளிம்பை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம் இடது விளிம்பின் மேல் நுனியிலிருந்து சரியாக மூன்றில் இரண்டு பங்கு தூரம். தாளை மூன்றாகப் பிரிக்க இதைவிடச் சுருக்கமான வாசகம் எனக்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறான வழியில் போனது ஜப்பானின் கலை மரபு. அங்கே 1797ல் கியோட்டோவில் வெளியான ஒரு நூல் ஒரே தாளில் ஒட்டிப்பிறந்த கொக்குகளுக்கு 49 வடிவங்களைத் தந்தது. தாளை எங்கே வெட்டுவது, முடிவில் எப்படி இருக்கும் என்று படம் போட்டது. இடைப்பட்டவை பெரும்பாலும் கைக்குக் கை கடத்தப்பட்ட அறிவு. அந்த இடைவெளியை நிரப்பியவர் அகிரா யோஷிசாவா. தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது சக தொழிலாளர்களுக்கு வடிவியல் கற்றுத்தர மடிப்பைப் பயன்படுத்திய மனிதர் அவர். பள்ளமாக விழும் மடிப்புக்கு ஒரு வகைக் கோடு, மேடாக எழும் மடிப்புக்கு வேறொரு வகைக் கோடு, நகர்த்தும் திசைக்கு அம்புக்குறி என்று அவர் வகுத்த படமொழி 1954ல் அவர் நூலில் வந்தது. அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட் 1961ல் அதைச் செப்பம் செய்து பரப்பினார். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத பிள்ளை, ஜப்பானியப் புத்தகத்தைப் பார்த்து டிராகன் மடிக்க முடிவது இவர்களால்தான். அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. படம் வேலையை எடுத்துக்கொண்டதும் வாக்கியம் தளர்ந்தது. ‘படத்தில் உள்ளபடி மடிக்கவும்’, ‘மறுபக்கமும் இவ்வாறே’, ‘புள்ளிக்கோடு வரை’ என்று படத்துக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வாழும் வாசகங்கள் பெருகின. படத்தை மறைத்துவிட்டு அவற்றை மட்டும் படித்தால் ஒரு மடிப்பும் மடிக்க முடியாது.

படம் பார்க்க முடியாதவர்களும் மடிக்கிறார்கள். பார்வையற்றவரான சபுரோ காசே ஜப்பானில் புகழ்பெற்ற ஓரிகாமி ஆசிரியராக விளங்கியவர். பல நாடுகளுக்குப் போய்க் கற்றுக்கொடுத்தவர். திரைவாசிப்பான் மென்பொருள் வந்தபின் சொல்லால் மட்டுமே ஆன மடிப்புக் குறிப்புகளுக்குத் தேவை கூடியது. அப்படி எழுதுவதற்குத் தனி ஒழுக்கம் வேண்டும். தாள் எப்படிக் கிடக்கிறது, எந்த விளிம்பு உங்கள் வயிற்றுப் பக்கம், வண்ணப் பக்கம் மேலேயா கீழேயா என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் விரலுக்கு என்ன தட்டுப்படும் என்று சொல்ல வேண்டும். திறந்த விளிம்பு எது, மடிந்த விளிம்பு எது, எத்தனை அடுக்கு என்று விரல் கேட்கிற கேள்விக்கெல்லாம் வாக்கியத்தில் பதில் இருக்க வேண்டும். சுந்தர ராவின் ஒழுங்கு இங்கே மறுபடி தலைகாட்டுகிறது, தொடு உணர்வும் கூடச் சேர்ந்து.

கணினியும் இந்த வாக்கியத்தைப் பேசக் கற்றது. கேட்டதற்கு எழுத்தில் பதில் சொல்லும் மொழி மாதிரிகள் வருவதற்கு வெகுமுன்பே, இயற்பியலாளரும் ஓரிகாமிக் கலைஞருமான ராபர்ட் லாங் ஒரு மென்பொருள் எழுதினார். தாளில் ஒரு புள்ளியைக் குறிப்பிட்டால், அதை எட்டும் மடிப்பு வரிசையை அந்த ஏழு அடிப்படை மடிப்புகளிலிருந்து தேடி எடுத்து, படத்தோடு சொல்லிலும் தரும்: இந்தக் கோட்டை அந்தக் கோட்டில் வை, கிடைப்பது இன்ன கோடு. அதன் மொழி வறண்டது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் கணக்கு இருந்தது. ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் தெட்சுவோ இடா உருவாக்கிய முறை இன்னும் ஒரு படி மேலே போய், மடித்து வந்த வடிவம் சரிதான் என்று கணித நிரூபணமே தரும்.

இன்றைய மொழி மாதிரி வேறு குலம். அது படித்து வளர்ந்தது மனிதர்கள் எழுதிவைத்த சொற்களை. காகித மடிப்பைப் பொறுத்தவரை அந்தச் சொற்களில் பெரும்பங்கு, படத்தை இழந்த படக்குறிப்புகள்தான் என்பது என் கணிப்பு. கொக்கு மடிக்கச் சொல்லிக் கேட்டால் சரளமாகச் சொல்லத் தொடங்குகிறது. நான் பார்த்தவரை முதல் சில படிகள் சரியாக வருகின்றன. பிறகு வாக்கியம் மங்குகிறது. எந்த மடல், மேல் அடுக்கா எல்லா அடுக்குமா, கூர் முனை எந்தப் பக்கம் என்ற விவரங்கள் நழுவுகின்றன. தொனி மட்டும் அதே உறுதியோடு இருக்கிறது. பார்வை உள்ளவர் எரிச்சலோடு ஒரு காணொளியைத் தேடிப் போய்விடலாம். திரைவாசிப்பானில் கேட்டு மடிப்பவர், தன் விரல்தான் தவறிவிட்டதோ என்று அதே படியைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். இது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

ஓர் உதாரணம் போதும். கொக்குக்கு அடித்தளமான சதுர மடிப்பில், முதலில் இரண்டு மூலைவிட்டங்களையும் மடித்துப் பிரிக்கிறோம். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, விளிம்பை விளிம்பில் வைத்து இரண்டு நடுக்கோடுகளை மடிக்கிறோம். ‘தாளைத் திருப்பிப் போடு’ என்ற வரி விடுபட்டுப்போனால் எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் பள்ளமாக நிற்கும். தாள் தானாக உள்ளே ஒடுங்காமல் முரண்டுபிடிக்கும். இந்தப் பிழையைக் கண்ணில்லாமலே பிடிக்க முடியும். தட்டையாக மடியும் எந்தப் புள்ளியைச் சுற்றியும் மேட்டு மடிப்புகளுக்கும் பள்ள மடிப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாகவே இருக்கும் என்பது ஜுன் மாயேகவாவின் பெயரால் வழங்கும் விதி. சதுர அடித்தளத்தின் நடுப்புள்ளியில் உண்மையில் மடிந்து நிற்பவை ஆறு: நான்கு ஒரு வகை, இரண்டு மறு வகை. கணினி எழுதிய வாக்கியங்களை ஆயப்புள்ளிகளாக மாற்றினால் இந்தக் கணக்கை அதே கணினியால் சரிபார்த்துக்கொள்ள முடியும். மடிப்புக் கோலங்களை எழுதிவைக்கக் கோப்பு வடிவம் இருக்கிறது. அவற்றைத் திரையில் மடித்துக்காட்ட அமண்டா கசேய் உருவாக்கிய ஓரிகாமி சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. கோடுகள் பெருகினால் வேலை கடினமாகும் என்பது உண்மைதான். ஒரு கோலம் தட்டையாக மடியுமா என்று தீர்மானிப்பதே பொதுவில் கணினிக்குக் கைமீறக்கூடிய கேள்வி என்று 1996ல் மார்ஷல் பெர்னும் பாரி ஹேய்ஸும் நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் கொக்குக்கும் கப்பலுக்கும் அந்தப் பயம் தேவையில்லை.

வாக்கியத்தின் சோதனைக்கு உரிய இடம், கொக்கில் சதுர அடித்தளத்துக்கு அடுத்து வரும் இதழ் மடிப்பு. மனிதர்களும் சொல்லத் தடுமாறும் இடம் அது. நான் இப்படி எழுதுவேன்: சதுர அடித்தளத்தை வைரம்போல் வையுங்கள். தாளின் நான்கு முனைகளும் தனித்தனியாகப் பிரியும் மூலை உங்கள் பக்கம் இருக்கட்டும். எதிரே உள்ள மூடிய மூலையில் எதுவும் பிரியாது. மேல் மடலின் வலது கீழ் விளிம்பை நடுக்கோட்டில் படியவையுங்கள். இடது கீழ் விளிம்பையும் அப்படியே. இப்போது மேலே சிறு முக்கோணம் மிஞ்சும். மூடிய மூலையை உங்களை நோக்கி மடித்து அதை அழுத்துங்கள். மூன்று மடிப்பையும் பிரித்துவிடுங்கள். இனி உங்கள் பக்கத்து முனையில் மேல் அடுக்கை மட்டும் பிடித்து, சற்றுமுன் விழுந்த கிடைக்கோட்டைக் கீலாகக் கொண்டு, மூடிய மூலைக்கும் அப்பால் போகும்வரை தூக்குங்கள். இரண்டு பக்கங்களும் தாமாக உள்ளே வந்து நடுக்கோட்டில் சந்திக்கும். அழுத்தினால் விரலுக்கு ஒரு நீள வைரம் கிடைக்க வேண்டும். பக்கவாட்டு விளிம்புகள் நடுவில் சேரவில்லை என்றால், இரண்டு அடுக்கைச் சேர்த்துத் தூக்கியிருக்கிறீர்கள்.

கடைசி வரி முக்கியம். பிழை எப்படி இருக்கும், எதனால் வந்தது என்று சொல்லும் வரி படக்குறிப்புகளில் அனேகமாக இருப்பதில்லை. தேவைப்படாததால் யாரும் எழுதவில்லை. எழுதப்படாததை எந்த இயந்திரமும் படித்துக் கற்கவும் முடியாது. தமிழில் இப்படிப்பட்ட முழுக்குறிப்புகளை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கைக்குப் பழகிய கப்பல், கத்திக்கப்பல், கேமரா, ராக்கெட் இவற்றிலிருந்தே தொடங்கலாம். ஒருவர் எழுத வேண்டும். பார்வையற்ற ஒருவர் கேட்டு மடிக்க வேண்டும். அவர் விரல் தயங்கும் வரியைத் திருத்தி எழுத வேண்டும். மொழி மாதிரிக்கு ஊட்டுவதானால் அந்தத் திருத்தங்களோடு சேர்த்தே ஊட்ட வேண்டும்.