ஸ்ட்ராங் என்றால் என்ன? நீலகிரிக் காப்பியும் வறுவலின் வரலாறும்

காப்பி கேப்ஸ்யூல் பெட்டிகளின் மேல் ஓர் எண் இருக்கும். நெஸ்பிரெஸ்ஸோ பெட்டியில் அது 4 ஆக இருக்கலாம், 9 ஆக இருக்கலாம், 13 வரைக்கும் போகும். பக்கத்தில் ‘இன்டென்சிட்டி’ என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் நாம் மனசுக்குள் போட்டுக்கொள்ளும் தமிழ்ச்சொல் ஒன்றுதான்: ஸ்ட்ராங். எண் கூடினால் ஸ்ட்ராங். ஸ்ட்ராங் என்றால் நல்ல காப்பி. இந்தக் கணக்கில் 13-ஐ வாங்கி, பால் விடாமல் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘என்னடா இது, கரியைக் கரைச்ச மாதிரி இருக்கு’ என்று முகம் சுளித்தவர்கள் நிறைய.

அந்த எண் சொல்வது முக்கியமாக வறுவலின் ஆழத்தை. அதோடு சேர்ந்து வரும் கசப்பையும், நாக்கில் உட்காரும் கனத்தையும். கஃபீன் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. கொட்டை நல்லதா, எந்த மலையில் விளைந்தது என்பதையும் சொல்வதில்லை.

ஆனால் தமிழில் ‘ஸ்ட்ராங்கா ஒரு காப்பி’ என்று சொல்லும்போது நாம் குறைந்தது மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். டிகாஷன் திக்காக இருக்க வேண்டும். கசப்பு தெரிய வேண்டும். தூக்கம் கலைய வேண்டும். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை. அவை எப்படி ஒரே சொல்லுக்குள் போய் உட்கார்ந்தன என்று தேடிப் போனால், நீலகிரியின் சரிவுகளில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் அடுப்பைப் பார்த்துவிடலாம். பச்சைக் காப்பிக்கொட்டைக்குக் காப்பி வாசனையே கிடையாது. புல்லும் பயறும் கலந்த மாதிரி ஒரு மணம் இருக்கும், அவ்வளவுதான். சூடு ஏற ஏறப் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும். ஏறக்குறைய 195 முதல் 200 டிகிரி செல்சியஸில் கொட்டைக்குள் இருக்கும் நீராவி அழுத்தம் தாங்காமல் ‘பட் பட்’ என்று வெடிக்கும், சோளம் பொரிவது மாதிரி. இது முதல் வெடிப்பு. இதை ஒட்டி நிறுத்தினால் லைட் ரோஸ்ட். கொஞ்சம் தள்ளி நிறுத்தினால் மீடியம். 225 டிகிரி வாக்கில் இன்னொரு வெடிப்பு கேட்கும். காய்ந்த சருகை மிதிப்பது மாதிரி மெல்லிய சத்தம். அதைத் தொட்டுவிட்டால் டார்க். கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்க ஆரம்பிக்கும்.

லைட் ரோஸ்டில் கொட்டையின் குணம் பேசும்: புளிப்பு, பழவாசனை, பூவாசனை, விளைந்த மண்ணின் உயரம். டார்க் ரோஸ்டில் நெருப்பின் குணம் பேசும்: கசப்பு, கருகிய சர்க்கரை, புகை. கஃபீன் மட்டும் இந்தச் சூட்டுக்குப் பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை. ஆக, கருப்பாக வறுத்த காப்பி அதிகம் தூக்கம் கலைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. தூக்கம் கலைப்பது கொட்டையின் இனம். ரொபஸ்டாவில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உண்டு.

இதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. நன்றாகக் கருக்கிவிட்டால் சுமாரான கொட்டைக்கும் உயர்ந்த கொட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. காப்பி வியாபாரத்தின் வரலாற்றில் இந்த வசதி பலமுறை கைகொடுத்திருக்கிறது.

*

நீலகிரி என்றால் இன்று தேயிலை. ஆனால் இந்த மலையில் வெள்ளைக்காரர்கள் முதலில் பெரிய அளவில் பயிரிட்டது காப்பி. 1830களின் கடைசியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளில் தொடங்கி, பிறகு கூடலூர்ப் பக்கம் வயநாட்டு எல்லைவரை தோட்டங்கள் பரவின. ஊட்டியில் காப்பி கிடையாது. 2,240 மீட்டர் உயரத்தில் உறைபனி விழும், காப்பிச்செடி தாங்காது. அதற்குக் கீழே இறங்கும் சரிவுகள்தான் அதன் இடம். இன்றும் நீலகிரிக் காப்பி விளைவது பெரும்பாலும் 900 முதல் 1,400 மீட்டருக்குள்.

உயரமும் வறுவலும் உறவுக்காரர்கள். குளிர்ந்த இடத்தில் பழம் மெதுவாகப் பழுக்கும், கொட்டை இறுகி அடர்த்தியாகும். அப்படிப்பட்ட கொட்டையை இளசாக வறுத்தால்தான் அதன் அருமை தெரியும். தாழ்ந்த இடத்துக் கொட்டை மென்மையானது, சீக்கிரம் கருகிவிடும்.

ஆனால் இந்த அருமையை மலையில் இருந்தவர்கள் ருசித்துப் பார்க்க வழியே இல்லை. 1861-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் டி. ஸ்டேன்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அதன் ஆரம்பத் தொழில் மலையிலிருந்து இறங்கும் காப்பியைப் பதப்படுத்துவது. பதப்படுத்துவது என்றால் காயவைத்து, தோலுரித்து, அளவுவாரியாகப் பிரித்து மூட்டை கட்டுவது. வறுப்பது அதில் சேராது. பச்சைக்கொட்டை மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். வறுத்த கொட்டை சில வாரங்களில் வாசனையை இழக்கும். அதனால் கொட்டை பச்சையாகவே கப்பலேறியது. வறுவல் லண்டனில் நடந்தது. பழம் பறித்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், தோலுரித்தவர்கள் யாருக்கும் அந்தக் கொட்டையின் வாசனை தெரியாது. வறுவல் எப்போதும் குடிப்பவர் ஊரில்தான் நடக்கும். விளைவிப்பவர் ஊரில் இல்லை.

*

1869 நவம்பர் காப்பி வரலாற்றில் ஒரு விசித்திரமான மாதம். அந்த மாதம் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே மாதம் இங்கிலாந்தில் எம். ஜே. பெர்க்லி என்ற பூஞ்சை ஆய்வாளர், இலங்கையிலிருந்து வந்த நோய்பிடித்த காப்பி இலையை ஆராய்ந்து, அதிலிருந்த பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். இலைத்துரு நோய். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி படியும், இலை உதிரும், செடி மொட்டையாகும்.

இரண்டுமே நம் டம்ளருக்குள் வந்து சேர்ந்தன.

சூயஸ் திறப்பதற்கு முன், மேற்குக் கரையிலிருந்து பாய்க்கப்பலில் ஏறிய காப்பி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போய்ச் சேர மாதங்கள் ஆகும். கடல் ஈரத்தில் கொட்டை உப்பி, வெளிறி, புளிப்பு இழந்துவிடும். ஐரோப்பியர்கள் அந்த ருசிக்குப் பழகிவிட்டார்கள். வழி சுருங்கியதும் கொட்டை பச்சை மாறாமல் போய் இறங்கியது. ‘பழைய ருசி எங்கே?’ என்று கேட்டார்கள். அதற்காக மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, தென்மேற்குப் பருவக்காற்றை வேண்டுமென்றே பட வைத்தார்கள் என்பது வியாபாரத்தில் வழங்கிவரும் கதை. மான்சூன்ட் மலபார் அப்படி வந்தது. நெஸ்பிரெஸ்ஸோ ‘இந்தியா’ என்ற பெயரில் கொண்டுவந்த கேப்ஸ்யூலில் இருப்பதும் இப்படிப் பருவக்காற்றில் ஊறிய ரொபஸ்டாதான், அராபிகாவோடு கலந்து. ஒரு கப்பல் பயணத்தின் விபத்து இன்று அலுமினியக் குப்பிக்குள் ருசியாக விற்கப்படுகிறது.

இலைத்துரு செய்தது இதைவிடப் பெரிய வேலை. 1880களில் இலங்கையின் காப்பி சரிந்தது. அங்கே தேயிலை வந்தது. திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் காப்பித் தோட்டத்துக்குப் போன தமிழர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களானார்கள். 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் நீலகிரியில்தான் குடியமர்த்தப்பட்டார்கள். டேன்டீ தோட்டங்கள் அதற்காகவே உருவானவை. ஒரு பூஞ்சை துரத்தியதில் ஒரு கடலை இருமுறை கடந்த குடும்பங்கள் அவை.

நீலகிரியிலும் நோய் வந்தது. உயரமான சரிவுகளைத் தேயிலை எடுத்துக்கொண்டது. காப்பி கீழே ஒதுங்கியது. நோயைத் தாங்கும் இனங்களைத் தேடினார்கள். மைசூர்ப் பக்கம் கென்ட்ஸ், பிறகு பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.795, இரண்டும் அராபிகா. இன்னொரு பக்கம், நோய்க்கு அசராத, தாழ்ந்த இடத்திலும் நன்றாகக் காய்க்கும் ரொபஸ்டா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளே வந்தது.

ரொபஸ்டாவில் சர்க்கரை குறைவு, கசப்பு அதிகம். இளசாக வறுத்தால் தானியம், மரத்தூள் மாதிரி ஒரு ருசி தெரியும். அதைக் கொஞ்சம் ஆழமாக வறுத்துத்தான் ஆக வேண்டும். கனமும் கசப்பும் கஃபீனும் ஒரே கொட்டையில் சேர்ந்து வந்தது இப்படித்தான். ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லுக்குள் மூன்று பொருள் நுழைந்ததற்கு இது பாதிக் காரணம்.

*

மீதிப் பாதி சமவெளியில், நம் வீட்டு அடுப்படியில் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நடுத்தர வர்க்கம் காப்பிக்கு விழுந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் எழுதியிருக்கிறார். பச்சைக்கொட்டை வாங்கி, வீட்டிலேயே இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் சுற்றும் மெஷினில் அரைத்த வீடுகள் இருந்தன. வறுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ‘பதம்’ என்ற சொல் அவர்களுடையது. தெர்மாமீட்டர் கிடையாது, வாசனையும் வெடிக்கும் சத்தமும்தான் கணக்கு. பிறகு அந்த வேலை தெருமுனைக் காப்பித்தூள் கடைக்குப் போனது. கூடவே பதத்தை அறியும் அறிவும் போனது. வீட்டில் மிஞ்சியது ‘பீபெரி கால் கிலோ, பிளான்டேஷன் ஏ கால் கிலோ’ என்று சொல்லும் அறிவு மட்டும்.

காப்பி வாரியம் வந்த பிறகு, 1940களிலிருந்து 1990கள் வரை, விளைந்த காப்பியைத் தோட்டக்காரர்கள் வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். ஏற்றுமதிக்குத் தனி ஏலம், உள்நாட்டுக்குத் தனி ஏலம். அந்நியச் செலாவணி வேண்டிய நாட்டில் எது வெளியே போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அப்புறம் சிக்கரி. நெப்போலியன் காலத்து முற்றுகையில் காப்பி கிடைக்காமல் பிரெஞ்சுக்காரர்கள் பிரபலமாக்கிய வேர் அது. நம் ஃபில்டரில் அது ஒரு நிரந்தர உறுப்பினர். பலர் ஃபில்டர் காப்பியை டார்க் ரோஸ்ட் என்று நினைக்கிறார்கள். நம் கடைகளில் வறுப்பது பெரும்பாலும் மீடியம், மீறிப்போனால் அதற்குக் கொஞ்சம் மேலே. டிகாஷனின் கருப்பும் திக்கும் நிறைய சிக்கரியிடமிருந்து வருகிறது. தண்ணீரில் அது காப்பியைவிட அதிகமாகக் கரையும். ஆனால் அதில் கஃபீன் இல்லை! கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆக, பார்க்கக் கருகருவென்று ‘ஸ்ட்ராங்’காக இருக்கும் ஒரு டிகாஷனில் பாதிக்குப் பாதி கஃபீனே இல்லாத வேராக இருக்கலாம்.

*

இந்த வரலாற்றோடு இப்போது கேப்ஸ்யூல் பெட்டிக்கு வருவோம்.

ஒரு கேப்ஸ்யூலில் ஐந்து கிராம் சொச்சம் தூள்தான். தண்ணீர் அதற்குள் அரை நிமிஷம்கூட இருப்பதில்லை. ஆழமாக வறுத்த தூள் நுண்துளை அதிகமானது, சட்டென்று கரையும். அந்த அவசரத்துக்கு அது தோது. 

பால் விட்டுத்தான் குடிப்பீர்கள் என்றால் 9-க்கு மேலே போங்கள். ரொபஸ்டா கலந்திருந்தால் இன்னும் நல்லது. பாலின் இனிப்பை எதிர்த்து நிற்க அந்தக் கசப்பு வேண்டும். நம் டபரா ருசிக்கு அதுதான் பக்கம். பால் இல்லாமல் குடிப்பீர்கள் என்றால் 4 முதல் 7 வரை முயன்று பாருங்கள். முதல் வாயில் புளிப்பு தெரியும். கெட்டுப்போச்சோ என்று நினைக்க வேண்டாம்; அது பழத்தின் புளிப்பு, உயரத்தின் ருசி. ராத்திரி தூக்கம் வர வேண்டும் என்பது கவலையானால் எண்ணைப் பார்க்காதீர்கள். பெட்டியின் பக்கவாட்டில் அராபிகா மட்டுமா, ரொபஸ்டாவும் உண்டா என்று பாருங்கள். பெரிய கோப்பைக்கான லுங்கோவா, சின்ன எஸ்பிரெஸ்ஸோவா என்பதையும் பாருங்கள். எஸ்பிரெஸ்ஸோ கேப்ஸ்யூலில் கோப்பை நிறையத் தண்ணீர் இழுத்தால் கடைசியில் வருவது வெறும் கசப்பு.

கடைசியாக ஒன்று. நெஸ்பிரெஸ்ஸோ தன் காப்பி முழுவதையும் சுவிட்சர்லாந்தில் வறுக்கிறது. தென்னிந்தியக் கொட்டையும் அங்கே பச்சையாகப் போய்த்தான் கருப்பாகித் திரும்புகிறது. ஸ்டேன்ஸ் காலத்து வழி இன்னும் மூடப்படவில்லை. ஒரே வித்தியாசம், இப்போது அதன் கடைசி வாடிக்கையாளர்களில் நாமும் இருக்கிறோம். பச்சையாகப் போகும்போது அந்தக் கொட்டைக்கு ஊர், உயரம், இனம் எல்லாம் இருக்கும். திரும்பி வரும்போது பெட்டியில் பெரிதாக மிஞ்சுவது ஓர் எண்.

கோத்தகிரிக்குக் கீழே இருளர், குறும்பர் ஊர்களில் வீட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் காப்பித் தோட்டங்கள் உண்டு. மலையிலேயே வறுத்து, இடத்தின் பெயர் போட்டு விற்கும் சின்ன முயற்சிகளும் உண்டு. காலிக் குப்பியில் நாமே தூளை நிரப்பிப் போடும் வசதியும் வந்துவிட்டது. அடுத்த முறை கடைக்காரர் ‘எவ்வளவு ஸ்ட்ராங் வேணும்?’ என்று கேட்டால், ‘எந்த ஊர் கொட்டை, எங்கே வறுத்தது?’ என்று திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.