தெலுக் ஆன்சன் மளிகைக் கடையின் கணக்கேடு



இன்று தெலுக் இந்தான் என வழங்கும் ஊர் 1982 வரை தெலுக் ஆன்சன் என்றே அழைக்கப்பட்டது. பேராக் ஆற்றின் வளைவில் அமைந்த இச்சிறு துறைமுகத்திற்கு 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து இரயில் பாதை போடப்பட்டது. ரப்பர் கப்பலேறியது; அரிசி மூட்டைகள் இறங்கின. அங்குள்ள சாய்ந்த கோபுரத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதைச் சுற்றியிருந்த மளிகைக் கடைகளைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

1906இல் தொடங்கப்பெற்ற ஜெண்டராட்டா போன்ற தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு இத்தகைய கடைகளே வாழ்வாதாரம். அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், புகையிலை என அனைத்தும் கடனுக்குக் கிடைத்தன. சம்பள நாளன்று கணக்குத் தீர்க்கப்பட்டது. சீனத் தவுக்கேயின் கணக்கேடு சீன எழுத்தில் இருந்தது. அதை நம்மவர் எங்ஙனம் சரிபார்ப்பது? தவுக்கேமார் யாவரும் ஏமாற்றினர் என்று கூறுவது அநீதி. வேலையற்ற நாளிலும் அரிசி அளந்தவர்கள் அவர்களே. ஆயினும் படிக்க இயலாத கணக்கு, கேள்வி கேட்க இயலாத கணக்கன்றோ! பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் அருமையை நான் இங்கேதான் உணர்கிறேன்.

ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிற்கு வரும் அரிசி அருகியது. மக்கள் மரவள்ளியை உண்டனர். 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் வாழைமர நோட்டு செல்லாக்காசாயிற்று. கல்லாப்பெட்டி நிறைய அந்நோட்டை வைத்திருந்த கடைக்காரரும், சேமித்து வைத்திருந்த தொழிலாளியும் ஒரே நாளில் வெறுங்கையராயினர்.

1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்தோர்க்கு உணவு சென்றுவிடக் கூடாதென்று, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் டின் உணவைத் துளையிட்டே விற்க வேண்டியிருந்தது. யார், எவ்வளவு வாங்கினார் என்பதையும் கடைக்காரர் பதிய வேண்டும். கடன் எழுதிய ஏடு காவலர் பார்வையிடும் ஏடாகவும் ஆயிற்று. பால் வெட்டச் செல்வோர் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகவும் தடை இருந்தது. வாயிற்கதவருகே பெண்களும் சோதிக்கப்பட்டனர்.

பிற்காலத்தில் கையடக்கமான 555 குறிப்பேடு வந்தது. குடும்பத்திற்கு ஒன்றாகப் பெயரெழுதி வைத்தனர். அதிலுள்ள எண்களை நம் பிள்ளைகளால் படிக்க முடிந்தது. உங்கள் பாட்டியின் தகரப்பெட்டியில் அப்படியொன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பெயர்ப்பக்கத்தை மறைத்துப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். நான்காம் ஆண்டுக் கணிதப் பாடத்திற்கு அது உதவும்.